அது நான் வெச்ச முட்டி இல்ல

ஹலோ... ஹலோ, டிரைவர் சாரா?... நான்தான், எலும்பு டாக்டர் பேசறேன்... ஆமா, ஆமா, டாக்டரம்மாவேதான்... இல்ல இல்ல, உங்க வருஷ போன் போன மாசமே பண்ணிட்டேனே. இது வேற... ஐயோ, பயப்படாதீங்க, ஒண்ணும் இல்ல. அந்த டிவி சத்தத்தக் கொஞ்சம் கம்மி பண்றீங்களா?... ம், இப்ப நல்லா கேக்குது.

ஒரு சின்னக் குழப்பம், அவ்வளவுதான். நீங்க எடுத்து அனுப்பிச்ச எக்ஸ்ரே இருக்கில்ல?... அதேதான். வந்துடுச்சு, வந்துடுச்சு. ஊர் மாறிப் போனதுலேருந்து உங்ககிட்ட எத்தன வருஷமா கெஞ்சறேன், ஒரே ஒரு படம், ஒரே ஒரு படம்னு. ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. மழைம்பீங்க, மெஷின் ரிப்பேரும்பீங்க, ஒரு வருஷம் சளி பிடிச்சிருக்குன்னீங்க. முட்டியப் படம் எடுக்கறதுக்கும் சளிக்கும் என்ன சார் சம்பந்தம்னு நானும் இங்க உக்காந்து மண்டைய உடைச்சுக்கிட்டேன்... சரி சரி, விடுங்க. இந்தத் தடவ அனுப்பிச்சீங்களே, அதுவே பெரிய விஷயம்.

ஆனா பாருங்க, அந்த லேப்ல ஆள மாத்திட்டாங்க. உங்க பேரப் போட்டு வேற யாரோட காலையோ அனுப்பி வெச்சிருக்காங்க... ஆமா... ஆமா, நிச்சயமா... எப்படித் தெரியும்னா? என்ன சார் இப்படிக் கேக்கறீங்க. நீங்க ஓட்டின பஸ்ஸக் கொண்டுபோய் டெப்போல அத்தன பஸ்ஸுக்கு நடுவுல நிறுத்தினா உங்களுக்கு அடையாளம் தெரியாது? அந்த மாதிரிதான். நான் வெச்ச முட்டி எனக்குத் தெரியும். நான் வெச்சதுல கீழ ஒரு தட்டு இருக்கும், அதுக்கு அடியில கட்ட வெரல் நீளத்துக்கு ஒரு குட்டிக் கால். அவ்வளவுதான். இந்தப் படத்துல என்னடான்னா எலும்புக்குள்ள பாதி தூரத்துக்கு ஒரு நீளக் கம்பி இறங்கி நிக்குது. அதெல்லாம், முதல்ல வெச்ச முட்டி ஆடிப்போய், அதப் பிடுங்கிப் போட்டுட்டு ரெண்டாவது தடவ வெக்கற சாமான். பாவம், யாரோ என்னவோ, நல்லா பட்டிருக்காங்க.

அதனால நாளைக்கே போய் இன்னொரு படம் எடுத்துடுங்க. நானே அந்த லேப்புக்குப் போன் பண்ணி ரெண்டு வார்த்த நல்லா கேக்கறேன்... இல்ல, அவசரம்தான். இந்த வாரக் கடைசியில நான் கிளம்பறேன் இல்ல? மாநாட்டுக்கு, நம்ம முட்டி ஆய்வப் பத்திப் பேச. போன மாசம் சொன்னேனே... அதேதான், பெரிய மேடை. எல்லாரோட படமும் வந்தாச்சு, கணக்கெல்லாம் போட்டாச்சு, நீங்க ஒருத்தர்தான் பாக்கி.

ஹலோ?... இருக்கீங்களா?... ம். எடுக்க வேணாமா? ஏன்?... சிரமமா இருந்தா நான் வண்டி ஏற்பாடு பண்றேன்... அது இல்லையா. அப்புறம்?... இன்னொரு படம் எடுத்தாலும் இதேதான் வருமா. அது எப்படி... இல்ல, புரியல. டிரைவர் சார், எனக்குப் புரியல, இன்னொரு தடவ சொல்லுங்க.

...

எப்போ?

...

எந்த ஆஸ்பத்திரியில?... யார் பண்ணாங்க?... ஓ. அவரா... இல்ல, தெரியும். நல்ல கை. நல்லாத்தான் பண்ணியிருக்கார், படத்தப் பாத்தா தெரியுது. நேரா நிக்குது.

... இருங்க. ஒரு நிமிஷம் இருங்க, தண்ணி குடிச்சிக்கறேன்.

... சொல்லுங்க. எங்கயாவது விழுந்தீங்களா?... விழல. காய்ச்சல், வீக்கம், சீழ் ஏதாவது?... அதுவும் இல்ல. வேற என்னதான் ஆச்சு?... படி இறங்கும்போது... ம்... உள்ள ஏதோ நகர்ற மாதிரி... ம். ம். சும்மாவே ஆடிடுச்சு. யாரும் எதுவும் பண்ணாம, தானா ஆடிடுச்சு. என்னோடது.

இல்ல, நான் கோவமா இல்ல. இருங்க, ஒண்ணு மட்டும் கேக்கறேன். நான் வெச்சு எட்டாவது வருஷமே அத மாத்தியாச்சு. பத்தாவது வருஷம் நான் உங்களக் கூப்பிட்டேன் இல்ல? முட்டி எப்படி சார் இருக்குன்னு கேட்டேன் இல்ல? நீங்க என்ன சொன்னீங்க?... சொல்லுங்க... 'ஜம்முனு இருக்கு டாக்டரம்மா.' அதே வார்த்ததான். நான் அப்படியே எழுதிக்கிட்டேன். பதினொண்ணாவது வருஷம் ஜம்முனு. பன்னெண்டாவது வருஷம் ஜம்முனு. போன மாசம் கூட... கோவமா இருக்கேன். ஆமா, கோவமாத்தான் இருக்கேன்!

உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? உங்க எல்லாரையும் வெச்சு நான் எழுதின பத்து வருஷக் கட்டுரையில ஒரு வரி இருக்கு. 'இவர்களில் ஒருவருக்குக்கூட கீழ்த்தட்டு ஆடவில்லை.' அந்த ஒரு வரிதான் சார் நான். நான் பண்ண மத்ததெல்லாம் யாருக்கும் ஞாபகம் இல்ல. நான் மொகமே பாக்காத டாக்டருங்க, பேரு கூட வாயில நுழையாத ஊர்க்காரங்க, அவங்க கட்டுரைக்கு அடியில என் பேரப் போட்டு அந்த வரியத்தான் எடுத்து எழுதறாங்க. படிக்கற பிள்ளைங்களோட பாடப் புஸ்தகத்துல இருக்கு அது... ஆமா, நூத்துக்கணக்கான பேரு. கம்ப்யூட்டர்ல தகவல் வந்து விழும், இன்னார் உங்கள மேற்கோள் காட்டியிருக்கார்னு. ஞாயித்துக்கிழமையானா நான் அத உக்காந்து படிப்பேன். மத்தவங்க கல்யாண ஆல்பம் பாக்கறாங்க இல்ல, அந்த மாதிரி... சிரிக்கறீங்களா?... இல்லையா. எனக்கே சிரிப்பா இருக்கு, நீங்க சிரிச்சா என்ன.

... இல்ல, அப்படிச் சொல்லாதீங்க. ஒரு ஆளுனால எல்லாமே கவுந்துடாது, அது எனக்கும் தெரியும். நல்ல முட்டிதான் அது. இப்பவும் நல்ல முட்டிதான். எவ்வளவோ பேர் நடக்கறாங்க அதுல. ஆனா 'ஒருத்தர் கூட இல்ல'ங்கறது வேற, 'ஒருத்தர்தான்'ங்கறது வேற சார். அத விடுங்க. நீங்க ஒருத்தர் ஜம்முன்னு சொன்னது பொய்யின்னா, போன்ல ஜம்முன்னு சொன்ன மத்தவங்கள நான் எப்படி நம்பறது? படம் வந்தவங்க சரி. நடுவுல செத்துப் போனவங்க? அவங்க எல்லாரும் என்கிட்ட வெறும் வாயாலதான் சொன்னாங்க. அவங்கள நான் எங்க போய்க் கேக்க?

... ஏன் சார்? எனக்கு அது ஒண்ணுதான் புரியல. திட்டுவேன்னு பயமா? நான் உங்கள எப்பவாவது திட்டியிருக்கேனா?... சரி, திட்டியிருக்கேன். சிகரெட்டுக்குத் திட்டினேன். அது வேற.

... ம்?... எந்த வருஷம்?... எட்டாவது வருஷப் போன். ம், பண்ணியிருப்பேன். ஒரு வருஷம் கூட விட்டதில்லையே... என்ன சொன்னேன்?... நானா? உங்ககிட்டயா?... இல்லவே இல்ல. நான் அத யார்கிட்டயுமே சொல்லல. எங்க அக்காகிட்டயே மாசக்கணக்கு கழிச்சுத்தான் சொன்னேன். உங்ககிட்ட எதுக்கு சொல்லப்போறேன், வேற யாராவது உங்களுக்கு...

... சட்டையா?

...

ஆமா. என்ன விட்டுட்டுப் போனப்ப என் வீட்டுக்காரர் சட்டைய மட்டும்தான் எடுத்துட்டுப் போனார். ஹேங்கரெல்லாம் பீரோக்குள்ள அப்படியே ஆடிக்கிட்டு இருந்துது... அதையுமா சொன்னேன்?... ம்... ம்... எனக்கு ஞாபகமே இல்ல டிரைவர் சார். சத்தியமா இல்ல. அன்னைக்கு வரிசையா எத்தனையோ பேருக்குப் போன் பண்ணேன், அது மட்டும் ஞாபகம் இருக்கு. வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு பண்ணிக்கிட்டே இருந்தேன். யார் என்ன சொன்னாங்கன்னு எழுதி வெச்சிருக்கேன். நான் என்ன சொன்னேன்னு... அத யாரு எழுதி வெக்கறாங்க.

... இன்னும் என்ன சொன்னேன்? எல்லாத்தையும் சொல்லிடுங்க... 'இந்த உலகத்துல எனக்குன்னு ஆடாம நிக்கறது உங்க முட்டி ஒண்ணுதான் டிரைவர் சார்'... நானா? இப்படியேவா?... கடவுளே. சினிமா வசனம் மாதிரி இருக்கு. நான் அழுதேனா?... நல்லாவேவா.

ம். நீங்க அப்போ எங்க இருந்தீங்க?... கட்டில்லயா? எந்தக் கட்டில்... ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு நாளா? கால்ல கட்டோடயா? ரத்தம் வடியற குழாயோட படுத்துக்கிட்டா எனக்கு ஜம்முன்னு சொன்னீங்க?... அட மனுஷா!... இல்ல, நான் சிரிக்கல. சிரிக்கறேனா அழறேனான்னு எனக்கே தெரியல, நீங்க பேசுங்க.

... வீட்டுக்காரம்மா பக்கத்துல இருந்தாங்களா?... கையக் காட்டினாங்களா... 'அந்தப் பொண்ணு அழுவுது, இப்பப் போய் சொல்லாத'ன்னு... ம். அவங்க அப்படித்தான். நான் பண்ண ஆபரேஷனுக்கு மொத நாள் கூட உங்கள விட்டுட்டு என்னத்தான் கேட்டாங்க, நீ சாப்பிட்டியாம்மான்னு. அன்னைக்கு முழுக்க என்ன யாருமே கேக்காத கேள்வி.

சரி, அன்னைக்கு சொல்லல, அது நியாயம். அடுத்த வருஷம் சொல்லியிருக்கலாமே? அடுத்த வருஷம் நான் ஒண்ணும் அழலையே... ம்... ம்... ஆய்வுலேருந்து பேர எடுத்துட்டா போன் வராதுன்னு யார் சொன்னது?... நானா சொன்னேன். சொல்லியிருப்பேன். முதல் நாள் எல்லார்கிட்டயும் சொல்றதுதான் அது, முட்டிய மாத்திட்டாங்கன்னா அவங்க கணக்கு அங்க முடிஞ்சிது, அப்புறம் தொந்தரவு பண்ண மாட்டோம்னு. தொந்தரவுன்னுதான் சார் நாங்க நெனச்சோம்.

... வீட்டுக்காரம்மா தவறினப்புறம் எத்தன போன் வருது உங்களுக்கு?... ம்... மகன் பேசறாரில்ல?... ம், வேல இருக்கும், பாவம். அப்புறம்?... இன்சூரன்ஸ் வேணுமான்னு கேக்கற பொண்ணு. அப்புறம் நான். வருஷத்துக்கு ஒரு தடவ. அதுக்காக... ம். அந்தப் பொண்ணுகிட்டயும் பேசிட்டே இருப்பீங்களா? அவளுக்கு வேல போயிடும் சார்.

இல்ல. நான் எங்க இருக்கேன்னா, ஆஸ்பத்திரியிலதான், என் ரூம்ல... லீவு நாள்தான். அதனால என்ன. வீட்ல என்ன இருக்கு. இங்கயாவது ஏசி கொஞ்சம் சத்தம் போடும். வெளிய வராண்டாவ தொடைச்சிட்டு எல்லாரும் போயாச்சு... உங்க படம்தான் எதிர்ல பெருசா தெரியுது. ரொம்ப நேரமா பாத்துக்கிட்டுதான் இருந்தேன், உங்களுக்குப் போன் போடறதுக்கு முன்னாடியே. லேப் மேல பழியப் போட்டேனே தவிர... ஒரு பக்கத்துல உங்க முட்டிச் சில்லுல பழைய தழும்பு மாதிரி ஒரு சின்னக் கோடு இருக்கு. டிரைவிங் பழகும்போது அடிபட்டதுன்னு சொல்லுவீங்களே, அது. அந்தக் கோடு எனக்கு நல்லாத் தெரியும். பாத்த ஒடனே தெரிஞ்சுதான் இருக்கணும். ஆனா மனசு ஒத்துக்கணுமே.

அது சரி, இத்தன வருஷம் மறைச்சவரு இப்ப ஏன் படத்த அனுப்பிச்சீங்க? இந்த வருஷமும் சளின்னு சொல்லியிருக்கலாமே... ம்... நான் மேடையில ஏறி சொல்லப்போறேன்னு சொன்னதுனாலயா... ம்... வாயால சொல்ல வரல, படமாவது சொல்லட்டும்னு... 'நான் சொன்ன பொய் என்னோட போகட்டும், அத நீங்க அத்தன பேர் முன்னாடி மைக்குல சொல்லக் கூடாது'... ம்.



யாரோ கதவத் தட்டற மாதிரி இருக்கே, உங்க வீட்லயா?... தண்ணி கேனா? போங்க, போய் வாங்குங்க. நான் வெக்கல, போன அப்படி மேஜை மேல வெச்சிட்டுப் போங்க... எனக்கு ஒரு அவசரமும் இல்ல.

...

...

...

ம், வந்துட்டீங்களா. உக்காருங்க மொதல்ல. உக்காந்தாச்சா?... டிரைவர் சார், நீங்க நடந்தத இங்கேருந்து கேட்டுக்கிட்டிருந்தேன். இத்தன வருஷமா முட்டி எப்படி இருக்குன்னு வாயாலயே கேட்டேன், நீங்களும் வாயாலயே சொன்னீங்க. நடந்து காட்டுங்கன்னு சொல்ல எனக்குத் தோணவே இல்ல. ஒரு அடி விழுது, அடுத்த அடி தேய்ச்சிக்கிட்டு வருது. போகும்போது நடுவுல ஒரு தடவ நின்னீங்க. வலிக்குதில்ல?... பொய் வேணாம். இப்ப இது ஆய்வுக்கு இல்ல, எங்கயும் எழுதப்போறதில்ல. பேனாவ மூடி வெச்சிட்டேன்... ம். எப்போலேருந்து?... முட்டியா, தொடையா?... ராத்திரி படுத்தா?... ம்... கம்பியோட நுனி இருக்கற எடத்துல. இருக்கும். அது பல பேருக்கு இருக்கறதுதான், ஆனா பாக்கணும். சும்மா விடக் கூடாது. அவர்கிட்ட காட்டினீங்களா, ரெண்டாவது தடவ வெச்சவர்கிட்ட?... ஏன்?... அவரு போன் பண்ணி விசாரிக்கலைன்னா நீங்க போக மாட்டீங்களா? நல்லா இருக்கே நியாயம்!

நான் போய்ட்டு அடுத்த வாரம் வந்துடுவேன். செவ்வாய்க்கிழமை வாங்க. நேரா என் ரூமுக்கு வந்துடுங்க, வரிசையில நிக்க வேணாம்... பஸ்லயா? எதுக்கு, முன் சீட்ல உக்காந்து அந்த டிரைவருக்கு வழி முழுக்கப் பாடம் எடுக்கறதுக்கா?... சரி, பஸ்லயே வாங்க. ஆனா கைத்தடி எடுத்துட்டு வரணும். வெக்கமெல்லாம் படக் கூடாது.

... ம்? மேடையிலயா? என்ன சொல்லுவேன்னா... இருக்கறத சொல்லுவேன். ஒருத்தருக்கு ஆடிடுச்சு, எட்டாவது வருஷமே ஆடிடுச்சு, எனக்கு இப்பதான் தெரியும், பழைய கட்டுரையில அந்த வரி தப்பு, போன்ல மட்டும் கேட்டு எழுதினது தப்புன்னு சொல்லுவேன். பத்திரிகைக்கும் திருத்தம் எழுதி அனுப்பணும்... என்ன பண்ணுவாங்க? கொஞ்ச பேர் எழுந்து கேள்வி கேப்பாங்க. கொஞ்ச பேர் உள்ளுக்குள்ள சந்தோஷப்படுவாங்க. அந்த வரிய எடுத்துப் போட்டவங்க எல்லாரும் அவங்கவங்க புஸ்தகத்துல திருத்தப்போறாங்களா என்ன. அது பாட்டுக்கு இன்னும் ரொம்ப நாளைக்கு சுத்திக்கிட்டு இருக்கும். என் பேரோட... இல்ல, உங்க பேரு வராது. அதெல்லாம் யாருக்கும் தெரியாது. 'ஒரு நோயாளி'ன்னுதான் வரும்.

மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க. போதும். கேட்டா நானும் கேக்கணும், அப்புறம் ரெண்டு பேரும் மாத்தி மாத்தி கேட்டுக்கிட்டே உக்காந்திருப்போம்.

ஆனா உங்க பேர எடுத்துத்தான் ஆகணும். இன்னையோட நீங்க ஆய்வுல இல்ல... ஆமா. அடுத்த வருஷம் அந்தப் போன் வராது... ஹலோ?... ஹலோ, சொல்றத முழுசாக் கேளுங்க. 'அந்தப் போன்' வராதுன்னுதான் சொன்னேன்.

வந்து... அங்க நான் பேசி முடிச்சதும் சாயங்காலம் எல்லாரும் கூட்டமா சாப்பிடப் போவாங்க. இத சொன்னப்புறம் என்னையும் வான்னு யாரும் கூப்பிடப்போறதில்ல. கூப்பிட்டாலும் நான் போகப்போறதில்ல. ஓட்டல் ரூம்ல தனியாத்தான் இருப்பேன். அப்போ உங்களுக்கு ஒரு போன் பண்ணட்டுமா?... எதுக்கா?... யார் என்ன கேட்டாங்க, நான் என்ன சொன்னேன்னு சொல்றதுக்கு. வேற யார்கிட்ட போய்... ஒண்ணும் இல்ல சார். சும்மாதான்.

... ம்... ம். முழிச்சிட்டிருப்பீங்களா?... சரி.

சரி, டிவியப் போடுங்க. தண்ணி கேன நீங்க தூக்காதீங்க, யாரையாவது வெக்கச் சொல்லுங்க... ம். வெக்கட்டுமா?... நீங்க வெய்ங்க... இல்ல, நீங்க மொதல்ல வெய்ங்க. நான் வெக்கறேன், நீங்க வெய்ங்க...

...

வெச்சிட்டார்.